பிள்ளைகளின் அறிவியல் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்குபவர்களுக்கு: வேலூர்ப் பக்கத்து வழிகாட்டி

காட்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுவது எனக்குச் சில வருடப் பழக்கம். நான் படித்தது வணிகவியல். எந்தப் பதிலை நம்புவது, எந்தச் சாமான் எங்கே கிடைக்கும், பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போக யாரிடம் என்ன கடிதம் வாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். வீட்டில் ஒரே ஒரு பிள்ளை இருந்தாலும் சரி, தெருவே கூடினாலும் சரி, இந்த வரிசையில் போனால் போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் கேள்விகளில் சில வாயால் சொன்னாலே தீரும். சில கையால் செய்து காட்டினால்தான் தீரும். சிலவற்றுக்குப் பிள்ளையை ஓரிடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். நாம் எல்லாவற்றையும் வாயாலேயே முடிக்கப் பார்க்கிறோம். பிள்ளை தலையாட்டிவிட்டுப் போகும், ஆனால் கேள்வி அப்படியே இருக்கும்.

1. கேள்வியைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதுங்கள்

எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, பெயர், கேள்வி, பதில் சொல்லவேண்டிய தேதி என்று நான்கு கட்டம் போடுங்கள். கேள்வியை மட்டும் திருத்தாமல் எழுதுங்கள்.

"மிஸ், நிலா இன்னாத்துக்கு எங்க பஸ் கூடவே வருது?" என்று எட்டு வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள். அதை "நிலவின் இயக்கம்" என்று எழுதிவைத்தால், ஒரு வாரம் கழித்துப் பார்க்கும்போது பூமியை நிலா சுற்றும் கதையைச் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். அவள் கேட்டது பஸ்ஸைப் பற்றி. பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது விளக்குக் கம்பமெல்லாம் பின்னால் ஓடுகிறது, நிலா மட்டும் ஓடவில்லை. அவள் சரியாகக் கவனித்திருக்கிறாள், அந்தக் கவனிப்புக்குத்தான் பதில் வேண்டும்.

2. பதிலுக்கு முன்னால் "நீ இன்னா நெனைக்கிற?" என்று கேளுங்கள்

இதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். பிள்ளையின் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் சொல்லும் சரியான பதில் அதன் மேல் போய் உட்காராது.

மே மாதம் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்று கேட்ட பையனிடம் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். "சூரியன் கிட்ட வந்துடுது" என்பான். பெரியவர்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில். நாம் விடியற்காலையில் போர்வை தேடும் சமயம் அது. மிகத் தள்ளி இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். தன் பதில் எங்கே உடைகிறது என்று பிள்ளைக்கு இந்த இரண்டு எண்களே காட்டிவிடும். வெயில் நம் தலைக்கு நேராக விழுகிறதா, சாய்ந்து விழுகிறதா என்ற பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.

ஒரு பிள்ளை தான் நினைப்பதைச் சொல்லும்போது மற்ற பிள்ளைகள் சிரித்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒருமுறை சிரிப்பு வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் வரும், ஆனால் வாயைத் திறக்காது.

3. தெரியாவிட்டால் கெடு சொல்லுங்கள்

"தெரியல, பார்த்துச் சொல்றேன்" என்பது பாதி வாக்கியம். "அடுத்த ஞாயிறு சொல்றேன்" என்பதுதான் முழு வாக்கியம். அந்தத் தேதியைப் பிள்ளையின் கண்ணெதிரே நோட்டில் எழுதுங்கள். வாயால் சொல்லக்கூடிய பதிலுக்கு ஒரு வாரம், செய்து காட்ட வேண்டியதற்கு இரண்டு வாரம், கூட்டிப்போக வேண்டியதற்கு அடுத்த பள்ளி விடுமுறை என்று வைத்துக்கொள்ளலாம். "பெரியவனானா புரியும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

4. ஒரு பை தயார் செய்யுங்கள்

மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. லாங்கு பஜார்ப் பக்கம் ஸ்டேஷனரி கடைகளில் கைலென்ஸ் கிடைக்கும். காந்தத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். பழைய சாமான் கடையில் உடைந்த ஸ்பீக்கர் கேளுங்கள், அதன் பின்னால் இருக்கும் வளையக் காந்தம் கடைக் காந்தத்தைவிட வலுவானது. டார்ச், கண்ணாடி டம்ளர் இரண்டு, தையல் நூல், இரும்பு நட்டு நான்கைந்து, நேராக அறுத்த ஒரு சாண் பிவிசி பைப், அளவுகோல். வெப்பமானி வாங்கினால் பாதரசம் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

லென்ஸைப் பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: லென்ஸ் வழியாகவோ பைனாகுலர் வழியாகவோ சூரியனைப் பார்க்கவே கூடாது. கண் போனால் போனதுதான். பகலில் லென்ஸ் வெளியே இருக்கும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

5. நம் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

இவற்றை முன்கூட்டியே தயார் செய்துவிடுங்கள். வரப்போவது உறுதி.

நிலா ஏன் கூடவே வருகிறது? கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இங்கும் அங்கும் குதிக்கும், எதிரே தெரியும் மலை அசையாது. கிட்ட இருப்பது நாம் நகர்ந்தால் இடம் மாறித் தெரியும், தூரத்தில் இருப்பது மாறித் தெரியாது. நிலா சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காட்பாடியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு முன்னால் இந்த ஏழெட்டு ஒன்றுமே இல்லை. அதனால் நிலா இருக்கும் திசை மாறுவதில்லை, கூடவே வருவதுபோல் தெரிகிறது.

வானம் ஏன் நீலம்? "கடல் நிறம் தெரிகிறது" என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். வேலூரில் கடலே இல்லை, வானம் நீலமாகத்தானே இருக்கிறது என்று கேட்டாலே அது உதிர்ந்துவிடும். பிறகு செய்து காட்டுங்கள். அறையை இருட்டாக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். ஒரு பக்கம் டார்ச் அடித்தால், பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் லேசான நீலமாகத் தெரியும். டார்ச்சுக்கு நேர் எதிரே பார்த்தால் மஞ்சள் கலந்த செம்மை. காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. சாயங்காலச் சூரியன் சிவப்பதும் அதனால்தான்: ஒளி நீண்ட தூரம் காற்றில் வரும் வழியிலேயே நீலம் சிதறிப்போய்விடுகிறது. பால் அதிகமாகிவிட்டால் எல்லாமே வெள்ளையாகிவிடும், சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

பல்லி ஏன் விழுவதில்லை? ராத்திரி ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பல்லி ஒட்டியிருக்கும்போது உள்பக்கமிருந்து லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்களின் அடியில் குறுக்குக் குறுக்காக வெள்ளை வரிகள் தெரியும். அந்த வரிகளில் லென்ஸுக்கும் தெரியாத அளவுக்கு நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. பசை எதுவும் கிடையாது. அந்த மயிர்கள் சுவரோடு மிக நெருங்குவதால் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பே பல்லியைத் தாங்கப் போதுமானதாகிறது. கூடவே "பல்லி விஷமா?" என்பதும் வரும். வீட்டுப் பல்லிக்கு விஷம் இல்லை. ஆனால் பல்லி விழுந்த சாப்பாட்டைக் கொட்டிவிடத்தான் வேண்டும், அதன் உடம்பிலும் எச்சத்திலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியைச் சொன்னால் பிள்ளை வீட்டில் போய் ஆயாவோடு சண்டை பிடிக்கும்.

பாலாற்றில் ஏன் தண்ணீர் இல்லை? இதுதான் எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி. அவசரமாக "மழை இல்ல" என்று முடித்துவிடாதீர்கள். கண்ணாடி டம்ளரில் முக்கால் பாகம் ஆற்று மணல் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் மேலே தெரியாது. பென்சிலால் நடுவில் குழி பறித்தால் குழியில் தண்ணீர் ஊறி நிற்கும். ஆறு அப்படித்தான் மணலுக்குள் தண்ணீரை வைத்திருந்தது, ஊற்று தோண்டிக் குடித்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இப்போது பாதி மணலை வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஊற்றச் சொல்லுங்கள், மணலுக்குள் எவ்வளவு குறைவாகத் தங்குகிறது என்று பிள்ளையே சொல்லும். மேல்பகுதியில் தேக்கப்படும் தண்ணீர், ஆழ்துளைக் கிணறுகள், அள்ளப்பட்ட மணல், தோல் தொழிற்சாலைக் கழிவு எல்லாவற்றையும் வயதுக்குத் தகுந்தபடி சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டுப் போனதைப் பார்த்தவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். அவர்களில் ஒருவரை அந்த ஞாயிறு வரவழையுங்கள்.

சென்னையைவிட இங்கே ஏன் வெயில் அதிகம்? சென்னைக்கு மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று வரும். நாம் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறோம், அந்தக் காற்று வந்தாலும் சூடேறித் தாமதமாகத்தான் வரும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள் வேறு. சாயங்காலம் ஆறு மணிக்குப் பாறையில் ஒரு கையும், வேப்பமரத்தடி மண்ணில் ஒரு கையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதோடு பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்ற கேள்வியும் வரும். பானையின் நுண்துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் சீக்கிரம் ஆவியாகும். அதனால்தான் நம் ஊர் மே மாதத்தில் பானை நன்றாக வேலை செய்கிறது.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லுங்கள். மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று தெரியும்: மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் இடிச் சத்தம் கேட்டதுமே மாடியை விட்டு இறங்கிவிட வேண்டும், எண்ணுவதைக் கீழே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

6. சொல்வதற்கு முன் சரிபாருங்கள்

வாட்ஸ்அப்பில் வந்ததைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். "ஆகஸ்ட் 27 இரவு செவ்வாய் நிலா அளவுக்குத் தெரியும்" என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. செவ்வாய் ஒருபோதும் அப்படித் தெரியாது, வெறும் கண்ணுக்கு எப்போதும் ஒரு புள்ளிதான். "ராத்திரி மரத்தடியில் படுத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடுவோம்" என்பதும் அப்படித்தான். மரம் இரவில் கரியமில வாயுவை வெளியிடுவது உண்மை, ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் ஒரு ஆள் விடும் அளவுகூட அது வராது.

என் முறை இது: அரசுப் பாடநூலில் ஒருமுறை, வேறொரு இடத்தில் ஒருமுறை, இரண்டும் ஒத்துப்போனால்தான் சொல்வது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழி அறிவியல் பாடநூல்களைப் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பாதிக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் இருக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் சார்ந்த 'துளிர்' மாத இதழும் கைகொடுக்கும். பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். கேள்விகளைச் சேர்த்து மாதம் ஒருமுறை கேட்டால் யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

7. நிழல் மறையும் நாளைத் தவறவிடாதீர்கள்

வருடத்தில் இரண்டு நாள் சூரியன் வேலூருக்கு நேர் உச்சியில் வரும், நேராக நிற்கும் பொருளின் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒருமுறை. ஏப்ரலில் பகல் 12.11 வாக்கிலும் ஆகஸ்டில் 12.17 வாக்கிலும் பாருங்கள். சரியாகப் பன்னிரண்டு அடித்ததும் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகலையே" என்று இறங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். பதினைந்து நிமிடம் முன்னால் மாடி ஏறுங்கள். ஆகஸ்டில் மேகம் இருக்கலாம் என்பதால் ஏப்ரலையே நம்புங்கள்.

டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பார்க்காதீர்கள். வாய் அகன்றும் அடி குறுகியும் இருப்பதால், முந்தின நாளும் பிந்தின நாளும்கூட அதன் நிழல் மறைந்துதான் தெரியும். நேரான பிவிசி பைப்பை நிற்க வையுங்கள். அதைவிட நல்லது, நூலில் நட்டைக் கட்டித் தரைக்குச் சற்று மேலே தொங்கவிடுவது. தரையில் கோடாக விழும் நூலின் நிழல் நிமிடத்துக்கு நிமிடம் சுருங்கி, கடைசியில் நட்டின் அடியில் போய் ஒடுங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் முனையில் சாக்பீஸால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். தரை சுடும், செருப்பும் தண்ணீரும் கட்டாயம்.

8. கூட்டிப்போக வேண்டிய கேள்விகள்

சத்துவாச்சாரியில் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம் அரை நாளுக்குச் சரியாக இருக்கும். கூட்டமாகப் போவதென்றால் முன்கூட்டியே பேசிவிட்டு, பள்ளிக் கடிதத்தோடு போங்கள். நோட்டிலிருந்து ஐந்து கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் பொத்தான்களை அமுக்கிவிட்டு வந்துவிடுவார்கள்.

நட்சத்திரக் கேள்விகளுக்குக் காவலூர். பழைய வடஆற்காட்டின் ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம். பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துவது. 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் தெரியவந்தபோது காவலூரிலும் அது பதிவானது, இதைச் சொன்னால் பிள்ளைகளுக்குப் பெருமை தாங்காது. வேலூரிலிருந்து வாணியம்பாடி வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர். மலைப்பாதையும் நிற்பதும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

பார்வையாளர்களுக்கான நாள் சனிக்கிழமை. இரவில் வானம் காட்டுவது மேகத்தைப் பொறுத்தது, மழைக்காலத்தில் இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்து, அந்த வாரமே போனில் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், நிலா வெளிச்சம் மற்றதையெல்லாம் அடித்துவிடும். வளர்பிறையில் பாதி நிலா இருக்கும் சனிக்கிழமை பிள்ளைகளுக்கு மிக நல்லது: நிலாவின் பள்ளங்கள் நிழலோடு தெளிவாகத் தெரியும், அது இறங்கியதும் நட்சத்திரங்கள் துலங்கும்.

ஒரு கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் (போகும் தேதி, திரும்பும் நேரம், இரண்டு போன் எண், ரத்தவகை, மருந்து ஒவ்வாமை), பள்ளி மூலம் போனால் தலைமையாசிரியரின் கடிதம், பிள்ளைகளின் பள்ளி அடையாள அட்டை நகல், உடன் வரும் பெரியவர்களின் ஆதார் நகல், வண்டியின் பர்மிட், இன்சூரன்ஸ் நகல். பெண் பிள்ளைகள் இருந்தால் கூட வரும் பெரியவர்களில் பெண் ஒருவர் கட்டாயம். கடிதங்களை ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள், கிளம்பும் காலையில் கையெழுத்துக்காக வீடு வீடாக ஓட முடியாது.

செலவில் பெரியது வேன் வாடகைதான். எங்களுக்குத் தலைக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று மேல் வந்தது. வாடகை பேசும்போதே ஓட்டுநரின் இரவுப் படி, மலைப்பாதைக்கான கூடுதல் தொகை இரண்டையும் கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். திரும்பி வரும்போது அவை புதிதாக முளைக்கும். சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள், புளிசாதம் தாங்கும். ஸ்வெட்டர் வேண்டும்.

போகும் வழியிலேயே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். பெரிய தொலைநோக்கி ஆராய்ச்சிக்கானது, அதில் யாரும் கண் வைத்துப் பார்க்க முடியாது, பார்வையாளர்களுக்கு வேறு சிறிய தொலைநோக்கி. அதேபோல், புத்தகப் படத்தில் இருக்கும் சிவப்பும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியாது. இது தெரியாமல் வரும் பிள்ளை ஏமாந்துபோகும். தெரிந்து வரும் பிள்ளை, சனி அந்த நேரத்தில் வானில் இருந்தால், குண்டூசித் தலை அளவுக்குத் தெரியும் அதன் வளையத்தைப் பார்த்துக் கத்தும். போனை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும், ஒரே ஒரு போன் வெளிச்சம் எல்லாருடைய இருபது நிமிடத்தையும் கெடுத்துவிடும். டார்ச் தேவைப்பட்டால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

9. ஒரே கேள்வியை விடாமல் கேட்கும் பிள்ளைக்கு

சில பிள்ளைகள் பதிலோடு நிற்காது, "அப்ப இதை இப்பிடி மாத்தினா?" என்று போகும். ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ படித்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு அந்த யோசனையை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் இணையத்தில் பதிவேற்ற வேண்டும். ஒரு பள்ளிக்கு இத்தனை யோசனைகள்தான் என்று வரம்பும் உண்டு. அதனால் ஜூனில் பள்ளி திறந்ததுமே தலைமையாசிரியரைப் பாருங்கள். இணையத்திலிருந்து எடுத்த மாதிரிகள் நிற்காது, பிள்ளையின் யோசனையைப் பிள்ளையின் வார்த்தையிலேயே ஒரு பக்கம் எழுத வையுங்கள்.

பணம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்குங்கள். ஆதார் திருத்தத்துக்குச் சில வாரம் பிடிக்கலாம், கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். பிள்ளை பெயரில் கணக்கு இல்லையென்றால் தபால் நிலையத்திலோ வங்கியிலோ இப்போதே திறந்து, ஆதாரை இணைத்து, வருடத்தில் ஓரிரு முறையாவது சிறு தொகை போட்டு எடுங்கள். அசையாமல் கிடந்த கணக்கு முடங்கிவிடும், பணம் திரும்பிப் போய்விடும்.